கால் பங்கு ஆசிரியர், முக்கால் பங்கு மாணாக்கர்

(ஒரு கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘மாணவர் யார்?’ என்பது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். சேர்க்கைப் படிவம் கொடுத்து, கட்டணம் கட்டி, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மாணவர். டி.சி. வாங்கிக்கொண்டு போனவர் முன்னாள் மாணவர். கணக்கு சரிதான். ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தும் மாணவராக இல்லாதவர்களை உங்களுக்குத் தெரியும். பின் பெஞ்சைத் திரும்பிப் பார்க்காதீர்கள், முன் பெஞ்சிலும் இருக்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் ஆயுள் முழுக்க மாணவராக இருந்தவர்களும் உண்டு.

ஆகவே பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வேறு வழியில் போவோம். கற்பவரை நம்மவர்கள் எந்தெந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று பார்ப்போம். மாணவர், மாணாக்கர், மாணி, சட்டர், சீடர், சிஷ்யப் பிள்ளை, சட்டாம்பிள்ளை, வித்தியார்த்தி, பழகுநர், தேர்வர், கற்போர் என்று பட்டியல் நீள்கிறது. ‘மாணவர்’ வடமொழியிலிருந்து வந்த சொல் என்பார் ஒரு சாரார். மாண்பு என்பதோடு உறவுடைய தமிழ்ச் சொல் என்பார் இன்னொரு சாரார். அந்த வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. ஒரு காலம் கற்பவருக்கு வைத்த பெயரைப் பார்த்தால், அவரிடம் அது என்ன எதிர்பார்த்தது என்பதும் யாரை வாசலோடு நிறுத்தியது என்பதும் புலப்படும்.

முதலில் ‘சட்டர்’. இன்றைய குமரி மாவட்டத்தில் பார்த்திவசேகரபுரம் என்று ஓர் ஊர். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866-இல் அங்கே ஒரு விண்ணகரம், அதாவது திருமால் கோயில், எடுப்பித்து, அதோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் இங்கே கல்விச்சாலை. 95 சட்டர்கள் தங்கிப் படிக்க ஏற்பாடு. எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பது வரை செப்பேட்டில் கணக்கு இருக்கிறது. ஒருவரையொருவர் வைதால் தண்டம், ஆயுதத்தோடு வரக்கூடாது என்றெல்லாம் விதிகளும் உண்டு. விதி எழுதியிருக்கிறார்கள் என்றால் அதற்கு முன்பு யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஆக, விடுதிச் சண்டைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வார்டன்கள் மனம் தேறலாம்.

அடுத்த நூற்றாண்டுகளில் சோழ நாட்டில் இது இன்னும் பெரிதாகிறது. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 270 இளைய மாணவர், 70 மூத்த மாணவர் என 340 பேருக்கு இடம் வகுத்திருக்கிறது. இளையவருக்கு நாளொன்றுக்கு இத்தனை நெல், மூத்தவருக்கு அதைவிடக் கூடுதல் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். கற்பவருக்கு முதலில் வயிறு இருக்கிறது என்பது சோழர் காலத்து அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த நெல் யாருக்கு அளக்கப்பட்டது? வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் படிக்க உரிமை பெற்றிருந்தவர்களுக்கு மட்டும். அந்த நெல்லை விளைவித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சாலையில் இடமில்லை. காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும், 1982-இல் சத்துணவு வந்தபோதும், 2022-இல் காலை உணவு வந்தபோதும் நடந்தது, அந்தப் பழைய படியளப்பு எல்லா வீட்டுப் பிள்ளைக்குமாக விரிந்ததுதான். ‘சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் வருகிறார்கள்’ என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் எண்ணாயிரத்துக் கல்வெட்டை ஒருமுறை படிக்க வேண்டும்.

பெண்கள் எங்கே என்று இந்நேரம் மாணவிகள் கேட்டிருப்பீர்கள். சாலைகளில் இல்லை, ஆனால் மலைகளில் இருந்தார்கள். கழுகுமலைக்குப் போயிருப்பீர்கள். வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே உள்ள வட்டெழுத்துகளைப் பாருங்கள். அந்தச் சமணக் கல்வெட்டுகளில் ‘குரத்தியார்’ வருகிறார்கள். குரவர் என்பதன் பெண்பால் அது. ஆசிரியை. அவர்களோடு ‘மாணாக்கி’ என்ற சொல்லும் வருகிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கல்லில் பொறித்த சொல் அது. வடக்கே வேடல் என்னும் ஊரில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்ற ஆசிரியையையும், அவரைச் சார்ந்த 500 பெண்களையும் குறிப்பிடுகிறது. இன்னொரு பெண் துறவியர் கூட்டத்தோடு அவர்களுக்குப் பிணக்கு வந்தபோது, அவர்களைக் காத்துச் சோறிடும் பொறுப்பை ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பெண் கல்வி நேற்று வந்த புதுமை என்று யாராவது சொன்னால் அவரைக் கழுகுமலைக்கு அனுப்பி வையுங்கள். துறவு பூண்டால்தான் பெண் அந்தப் பெயரைப் பெற முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். இல்லறத்துப் பெண்ணுக்கு வாசல் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தபோது எழுந்த எதிர்ப்பும், அதை மீறி மன்னர் அனுமதி கொடுத்ததும் இருபதாம் நூற்றாண்டின் கதை. 1912-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

இனி என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நன்னூல். தேர்வுக்குப் படித்து, தேர்வோடு மறந்த நன்னூல்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் எழுதியது. இலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு பொதுப்பாயிரம் வைக்கிறார். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யார், பாடம் சொல்வது எப்படி, மாணாக்கர் யார், பாடம் கேட்பது எப்படி என்று ஐந்து பகுதி. மாணவர் யார் என்ற கேள்விக்குத் தமிழில் முறையாகப் பதில் எழுதியவர் என்று அவரைச் சொல்லலாம்.

மாணாக்கரை அவர் மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடைத்தரம். ஓட்டைக் குடத்துக்கு விளக்கம் வேண்டாம். ஆடு இந்தச் செடியில் ஒரு வாய், அந்தச் செடியில் ஒரு வாய் என்று மேய்ந்துகொண்டே போகும். கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரைப் பவணந்தியார் பார்த்ததில்லை, ஆனால் ஆட்டைப் பார்த்திருக்கிறார். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். உரைகாரர்கள் அதற்குப் ‘பன்னாடை’ என்று பொருள் எழுதினார்கள். தெருவில் யாரையாவது அப்படித் திட்டக் கேட்டால், திட்டுகிறவர் நன்னூல் உரையிலிருந்து பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு இருக்கட்டும். இந்த வரிசையில் இரண்டு இடங்களை நான் உங்களுக்குக் காட்ட வேண்டும். கிளி எங்கே இருக்கிறது? இடைத்தரத்தில். சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வதுதான் கிளியின் திறமை. நம்முடைய பொதுத்தேர்வில் கிளிக்குத்தான் சென்டம். பவணந்தியார் விடைத்தாள் திருத்தினால் நடுவில்தான் நிறுத்துவார். இரண்டாவது, பசு. அது ஏன் முதல் தரம்? புல் கண்ட இடத்தில் நிறைய மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுகிறதே, அதனால். அசைபோடுவது மெதுவான வேலை. பார்ப்பவருக்கு மாடு சும்மா படுத்திருப்பதாகத்தான் தோன்றும்.

இன்று பள்ளிக்கூடங்களில் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. ‘மக்கு’, ‘தத்தி’ என்று தலையில் குட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பண்பான பெயர். ஆனால் அந்தப் பெயர் விழுந்ததும் பிள்ளை தனி வரிசைக்குப் போய்விடுகிறது. தேர்ச்சிக்கு இவ்வளவு போதும் என்று கையில் ஒரு மெல்லிய கையேடு கொடுக்கப்படுகிறது. அந்த வரிசையில் அசைபோட நேரம் கிடைக்காத பசுக்கள் எத்தனை இருக்கும் என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

பவணந்தியாரை நான் முழுக்கப் புகழப் போவதில்லை. யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று அவர் ஆறு பேரைக் குறிப்பிடுகிறார். ஆசிரியரின் மகன், தம் ஆசிரியருடைய மகன், மன்னன் மகன், மிகுந்த பொருள் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலுள்ளவன். ஆறில் மூன்று இடம் பிறப்புக்கு, ஒன்று பணத்துக்கு. கவனியுங்கள், மகள் இல்லை. மாணாக்கியரைப் பாறையில் பதித்த அதே சமண மரபில் வந்தவர்தான் அவரும். பாடம் சொல்லக் கூடாதவர் பட்டியலும் உண்டு. குடிகாரன், சோம்பேறி, செருக்குள்ளவன், திருடன், தூங்குமூஞ்சி என்று போகும் அந்தப் பட்டியலில் நோயாளியும் இருக்கிறான். நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்கே ஆசிரியரை அனுப்பும் காலத்தில் இருக்கும் நாம் அந்த இடத்தில் அவரை விட்டுவிட்டு நடக்கலாம்.

ஆனால் ஓரிடத்தில் அவர் நம் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார். கல்விக்கு ஒரு பின்னக் கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் நன்றாகவே கேட்டுக்கொண்டான், ஒன்றும் சிந்தவில்லை என்றாலும் அவனுக்கு வந்து சேர்வது கால் பங்குதான். உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரை? தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் அது கிடைக்கிறது.

இந்தக் கணக்கை வைத்து இன்றைய நம் ஏற்பாட்டைப் பாருங்கள். கால் பங்குக்குத்தான் கட்டடம், கால அட்டவணை, சம்பளம், வருகைப் பதிவேடு எல்லாம். அடுத்த கால் பங்கை ‘அங்கே என்ன பேச்சு?’ என்று அதட்டி நிறுத்துகிறோம். மீதி அரைக்கு இடமே ஒதுக்கவில்லை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடம் இருந்தது. இடத்தின் பெயர் சட்டாம்பிள்ளை. மணலில் விரலால் எழுதும் சிறுவர்கள் ஒருபக்கம், எண்சுவடி சொல்பவர்கள் ஒருபக்கம், நிகண்டு மனப்பாடம் செய்பவர்கள் ஒருபக்கம் என்று ஒரே திண்ணையில் எல்லாரும் இருப்பார்கள். வாத்தியார் ஒருவர். முன்னே படித்த பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். அவன்தான் சட்டாம்பிள்ளை. அவனைப் பற்றி நல்ல பேர் மட்டும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கையில் பிரம்பு கிடைத்தால் பிள்ளையும் வாத்தியாராகிவிடும். மலையாளத்தில் இந்தச் சொல் சட்டம்பி. சட்டம்பி சுவாமிகள் என்ற பெருமகன் (1853–1924) வகுப்பில் மாணவர் தலைவராக இருந்ததால் அந்தப் பெயர் பெற்றவர். இன்று அங்கே சட்டம்பி என்றால் ரவுடி.

இந்த முறையை ஊன்றிக் கவனித்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளரானார். அவருடைய ஆசிரியர்களுக்கு எழுத்துக் கற்பிக்க வரவில்லை. நம் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சிறுவன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார், அவன் செய்துகாட்டினான். ஊர் திரும்பிய பெல் 1797-இல் இதைப் புத்தகமாக எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் பிறந்த ஊரில் 1833-இல் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர். அங்கே அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்குப் பெரிய காரணம் செலவு. ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். சிக்கனத்துக்காக எடுத்துக்கொண்டதைப் பணம் வந்ததும் கைவிட்டார்கள். நாமும் திண்ணையைவிட்டு பெஞ்சுக்கு மாறியபோது, பிரம்பை வைத்துக்கொண்டு சட்டாம்பிள்ளையைத் தொலைத்துவிட்டோம்.

மணல் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு, தமிழ் கற்க என்ன செய்தார் தெரியுமா? ஓர் உள்ளூர் வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். சிறு பிள்ளைகளின் நடுவே தாமும் அமர்ந்து மணலில் ‘அ’ எழுதினார். கற்பிக்க என்று கடல் தாண்டி வந்தவர் முதலில் அரிச்சுவடிப் பிள்ளையானார். அந்த வயதில் அப்படி உட்கார வெட்கம் விட வேண்டும்.

வெட்கம் விடுவது என்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சொல்லாமல் தீராது. திரிசிரபுரத்தில் அவர் இளைஞராக இருந்தபோது, தெருவில் பிச்சை எடுத்து வாழ்ந்த ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டார். அந்த மனிதர் லேசில் வசப்படுகிறவர் அல்லர். அவர் போகிற தெருவெல்லாம் பின்னால் போய், அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, மனம் குளிரவைத்துப் பாடம் கேட்டார். அப்படிக் கேட்டுச் சேர்த்ததை அவர் வைத்துக்கொண்ட விதம்தான் பெரிது. சைவ மடத்தின் ஆதீன வித்துவான் அவர். அவரிடம் கிறித்தவரான சவேரிநாத பிள்ளை படித்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர் படித்தார். நன்னூலின் ஆறு பேர் பட்டியலை அவர் விரித்துவிட்டார்.

அவரிடம் 1871-இல் மாயூரத்தில் வந்து சேர்ந்த சிஷ்யர்தான் உ.வே.சாமிநாதையர். 1876-இல் ஆசிரியர் மறையும்வரை கூடவே இருந்தார். இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்? 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்துவிட்டது. அந்த ஆண்டிலேயே அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை.

அந்த இடத்தில் 25 வயதுக் கல்லூரி ஆசிரியர் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் தம் வீட்டுக்குப் போய்ச் சிந்தாமணியைப் பிரித்தார். சமண மரபு தெரியாமல் நூல் நகரவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர், இல்லறத்தார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அடுத்தடுத்து வந்தன. நம் பழைய இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்ததில், ஓர் ஆசிரியர் மறுபடி மாணாக்கராகச் சம்மதித்ததற்குப் பெரிய பங்கு உண்டு. பவணந்தியார் கணக்கில் சொன்னால், திருவாவடுதுறையிலும் மாயூரத்திலும் அவர் பெற்றது முதல் கால். சமணர் வீடுகளில் பேசிப் பெற்றது அடுத்த கால். பதிப்பித்து, உரைக்குறிப்பு எழுதி, நாட்டுக்குச் சொன்னதில் பெற்றது மீதி அரை.

இனி நம் காலத்துப் பெயர்கள். ‘தேர்வர்’ என்று ஒரு பெயர் வந்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில், பொதுத்தேர்வு நுழைவுச்சீட்டில் நீங்கள் தேர்வர். பள்ளிக்கே போகாமல் எழுதினால் தனித்தேர்வர். இந்தப் பெயரில் ஆசிரியர் இல்லை, உடன் படிப்பவர் இல்லை, இருப்பவர்கள் போட்டியாளர்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தால் நமக்கு ஓர் இடம் போய்விடும் என்ற அச்சம் இருக்கிறது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஊட்டுகிற ஏற்பாடு, கல்வியில் பாதியை வெட்டி எறிந்துவிடுகிறது. தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டில் சில நாள் நீங்கள் தேர்வராக இருங்கள். மற்ற நாட்களில் அந்தப் பெயரைக் கழற்றி வையுங்கள்.

இன்னொரு பெயர் ‘கற்போர்’. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இந்தச் சொல் ஊர் ஊராகப் புழங்கியது. எழுத்தறிவுத் திட்டங்களில் இன்றும் அதுதான் சொல். புதுக்கோட்டையில் கல் உடைக்கும் பெண்கள், வயலில் வேலை முடித்து வந்த பெண்கள், தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் அதே ஊர்ப் பிள்ளைகள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். ஒருத்தி கற்றுக்கொண்டு அடுத்தவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சட்டாம்பிள்ளை முறை அங்கே பிரம்பில்லாமல் திரும்பி வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கையெழுத்துப் போடக் கற்ற அம்மாவிடம் நீ மாணவியா என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் பலரைவிட அவளுக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்பதும் ஒரு பெயர்தான். சான்றிதழாக வாங்கிக் கட்டணச் சலுகைக்குக் கொடுக்கிறோம். இங்கே இருப்பவர்களில் பலர் அந்தச் சான்றிதழ் வாங்கியவர்கள். சாலையிலும் சுவடியிலும் இடம் மறுக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஒரு வரிசை நிற்கிறது. விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்தப் பாடத்துக்கு எந்தக் கல்லூரி, விடுதி எப்படிக் கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது. நீங்கள்தான் அந்த வீட்டுச் சட்டாம்பிள்ளை.

ஆகவே மூன்று வேண்டுகோள். பேராசிரியர்களுக்கு: வாரத்தில் ஒரு பாடவேளையை மாணவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின் பெஞ்சில் உட்காருங்கள். தப்பாகச் சொன்னால் உடனே எழுந்துவிடாதீர்கள், அவர்களே திருத்திக்கொள்வார்கள். பெற்றோருக்கு: பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க் என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, இன்று யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேளுங்கள். மாணவர்களுக்கு: தெரியாததை உங்களைவிடச் சின்னவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள், தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லக் கணக்குப் பார்க்காதீர்கள்.

விழாக் குழுவினர் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான் கொஞ்சம் முன்பே நிறுத்துகிறேன். பவணந்தியார் கணக்குப்படி இதுவரை இந்த அரங்கில் நடந்தது கால் பங்குதான், அதுவும் நீங்கள் எல்லாரும் விழித்திருந்து கேட்டிருந்தால். மீதி முக்கால் உங்கள் பங்கு. ஒலிவாங்கியைக் கீழே அனுப்பச் சொல்கிறேன். கேளுங்கள், மறுத்துப் பேசுங்கள்.